சந்து கிடைத்தது, நுழைந்தேன், கதவு திறந்தது: தப்பு யாருடையது?

வாசகருக்கு 31 வயது. வீடு மேடவாக்கம், வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். (அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) மூன்று வாரத்துக்கு முன், காலை 9 மணி ஆக ஐந்து நிமிடம். துரைப்பாக்கம் பக்கம் மெட்ரோ வேலைத் தடுப்புகளால் சாலை சுருங்கி, சிக்னலுக்காகக் கார்கள் அசையாமல் நிற்கின்றன. இடது ஓரம், காருக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒரு மூன்றடிச் சந்து. பைக்குகள் வரிசையாக அதில் போகின்றன. இவர் ஐந்தாவது வண்டி. நான்கு பைக் போனதும் ஒரு காரின் இடது பின்கதவு திறந்தது. உள்ளே இருந்தவர் ஆபீஸ் வாசல் வந்துவிட்டதே என்று இறங்கப் பார்த்திருக்கிறார். ஹேண்டில்பார் கதவில் மாட்டி, இவர் பிளாட்பாரத்தில் விழுந்தார். இடது மணிக்கட்டில் முறிவு.

இறங்கியவர் "சாரி" என்றாராம். ஓட்டியவர் அப்படிச் சொல்லவில்லை. "கண்ணு தெரியலையா? பொறுக்கித்தனமா பூந்து பூந்து வர்றீங்க" என்று ஆரம்பித்து, பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். கூட்டம் கூடி, வழக்கம்போலக் கட்சி பிரிந்தது. கடைசியில் இவர் 6,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பி, சாவியை வாங்கிக்கொண்டு ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மறுநாள் வாட்ஸாப்பில் எஸ்டிமேட் வந்தது: மொத்தம் 38,000. மிச்சம் 32,000 தராவிட்டால் "இடித்துவிட்டு ஓடியதாக" கேஸ் போடுவேன், லைசென்ஸ் போகும், பாஸ்போர்ட் வராது என்று மிரட்டல். பைக்குக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகிவிட்டது என்ற பயத்தில் இவர் போலீஸ் பக்கமே போகவில்லை. "நின்றிருக்கும் வண்டிகளுக்கு நடுவே போவது எங்கள் உரிமைதானே, வெளிநாட்டில் சட்டமே இருக்கிறதே? பெரிய வண்டி மேல்தானே தப்பு?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றேமுக்கால் பக்கம் கதவைப் பற்றியது. கடைசிப் பத்தியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி: "கோபத்தில் ஹெல்மெட்டால் அவர் சைடு மிரரைத் தட்டினேன், அது உடைந்துவிட்டது." அந்த வரியை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன். நீங்கள் ஏன் அதைக் கடைசியில் வைத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது. வக்கீலான என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், முக்கியமான விஷயத்தை எழுந்து போகும்போது கதவருகே நின்றுகொண்டு சொல்வார்கள்.

உங்களுக்கு நடந்தது ஒரு சம்பவம் இல்லை, நான்கு. நீங்கள் சந்தில் நுழைந்தது ஒன்று. கதவு திறந்தது இரண்டு. கண்ணாடி உடைந்தது மூன்று. சாவியைப் பிடுங்கிப் பணம் வாங்கியது நான்கு. அன்று அங்கே கூடிய கூட்டம் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி 6,000 ரூபாய் என்று தீர்ப்புச் சொன்னது. காரோட்டி அதே மூட்டைக்கு 38,000 என்கிறார். நீங்களும் அதே மூட்டையைத்தான் வைத்துக்கொண்டு, "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்கிறீர்கள். மூட்டையைப் பிரித்தால்தான் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்பது தெரியும்.

நுழைந்தது உரிமையா?

உரிமை இல்லை. நின்றிருக்கும் வண்டிகளுக்கு இடையே பைக் போகலாம் என்று நம் மோட்டார் வாகனச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்வதெல்லாம், கோடு போட்ட சாலையில் உங்கள் தடத்துக்குள் போங்கள், மாறுவதானால் சைகை காட்டுங்கள், முந்துவது பொதுவாக வலது பக்கமாக என்பதுதான். விதிக்கு மாறாக முந்துவதை, 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதன் கீழேயே கொண்டுவந்திருக்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறையும் உண்டு. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் செய்கிறார்கள், போலீஸ்காரரே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் வழக்கம் வேறு, உரிமை வேறு. யாரும் கண்டுகொள்ளாத வரை வழக்கம் ஓடும். ஒரு கை முறிந்த அன்று எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருப்பது விதிப்புத்தகம்.

வெளிநாட்டுச் சட்டத்தைச் சொன்னீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா 2017 முதல் இதைச் சட்டத்தில் எழுதிவைத்தது சரிதான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2014 ஜூலை முதல் அனுமதி இருக்கிறது. ஆனால் அங்கே வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, பள்ளிப் பகுதியில் கூடாது, பழகுநர் லைசென்ஸ்காரர் செய்யவே கூடாது. இன்னொன்றும் உண்டு: வண்டிக்கும் சாலையின் ஓரக்கல்லுக்கும் நடுவே போகக் கூடாது. அதாவது நீங்கள் போன அதே சந்து. காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரிலிருந்து ஆள் இறங்கும் பக்கம் அது.

கதவு

இங்கே நிலைமை உங்கள் பக்கம் திரும்புகிறது. ஓடும் போக்குவரத்தின் நடுவே, பின்னால் பார்க்காமல் கதவைத் திறப்பது கவனக்குறைவு. நான்கு பைக் போனதைக் கண்ணெதிரே பார்த்த பிறகும் திறந்தது இன்னும் மோசம். கவனக்குறைவான செயலால் பிறருக்குக் காயம் ஏற்படுத்துவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் வருகிறது. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம், அதற்கு மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. ஆகவே கேஸ் போட்டால் தனக்கு மட்டும்தான் லாபம் என்று நினைக்கும் அந்தக் காரோட்டிக்கும் படிக்க வேண்டிய பக்கங்கள் சில இருக்கின்றன.

அப்படியானால் முழுத் தப்பும் கதவின் மேலா? இல்லை. "பெரிய வண்டி மேல்தான் தப்பு" என்பது தெருமுனைச் சட்டம். நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்தில், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் நின்றிருக்கிறேன். வண்டியின் அளவைப் பார்த்து அங்கே யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. யார் எதைப் பார்த்திருக்க வேண்டும், எதைத் தவிர்த்திருக்க முடியும் என்றுதான் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள்: எந்த வேகத்தில் போனீர்கள்? கதவிலிருந்து எவ்வளவு தள்ளி? காரில் ஆள் இறங்கக்கூடும் என்று தோன்றவில்லையா? பதிலைப் பொறுத்து உங்கள் பங்கு என்று ஒரு சதவீதத்தைக் கழிப்பார்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: இழப்பீடு 80,000 என்று முடிவாகி, உங்கள் பங்கு 40 சதவீதம் என்றால் கைக்கு வருவது 48,000. உங்கள் சதவீதம் எவ்வளவு என்று இப்போதே சொல்கிற வக்கீலிடம் போகாதீர்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் போனேன் என்கிறீர்கள், அது உங்களுக்குச் சாதகம். அதற்குக் கேமரா சாட்சி கிடைத்தால் இன்னும் நல்லது.

இழப்பீட்டு வழக்கு, காரின் உரிமையாளர் மீதும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் போகும். ஓடாமல் நின்ற காரின் கதவுதானே என்று அவர்கள் வாதாடலாம். வாகனத்தின் "பயன்பாடு" என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் விரிவாகவே பொருள் கொண்டிருக்கின்றன, அந்த வாதத்துக்கு நான் பெரிதாகப் பயப்பட மாட்டேன். மனுவை நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. மூன்று வாரம் ஏற்கனவே போய்விட்டது.

இங்கே நீங்கள் செய்த ஒரு காரியம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஆஸ்பத்திரியில் "பைக் ஸ்லிப் ஆகி நானே விழுந்தேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள், போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று. ஓ.பி. சீட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் முதலில் தூக்கிக் காட்டப்போவது அந்தச் சீட்டைத்தான். அதைத் திருத்தித் தரச் சொல்லி டாக்டரைக் கெஞ்சாதீர்கள், அடித்தல் திருத்தல் இன்னும் கெடுக்கும். அதே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை உள்ளபடி சொல்லி, விபத்துப் பதிவேட்டில் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியும். போலீஸ் புகாரிலும் "பயத்தில் முதலில் இப்படிச் சொன்னேன்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். நாம் சொன்னால் அது விளக்கம், அவர்கள் கண்டுபிடித்தால் அது பொய். புகார் தாமதமானது பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். விபத்து இழப்பீட்டு வழக்கில் எஃப்.ஐ.ஆர். தாமதம் என்பதற்காக மட்டும் மனுவைச் சந்தேகிக்கக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கண்ணாடி

இதில் உங்களுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. கதவு விபத்து; கண்ணாடி விபத்து இல்லை. கையில் இருந்த ஹெல்மெட்டால் அடித்தது வேண்டுமென்றே செய்தது, பிறர் சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை தண்டனை. சேதம் 20,000 ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்குள் ஆனால் இரண்டு ஆண்டு வரை போகும். உங்கள் இன்சூரன்ஸும் இதற்கு ஒரு பைசா தராது, வேண்டுமென்றே செய்ததை யாரும் காப்பீடு செய்வதில்லை.

கை முறிந்து கிடப்பவனைப் பார்த்துப் பொறுக்கி என்றால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும், ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் அந்தப் பக்கமும் பாருங்கள். நாற்பது நிமிடமாக ஒரே இடத்தில் கியர் மாற்றிக்கொண்டிருப்பவர், இரண்டு பக்கமும் தன்னை உரசிக்கொண்டு வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். என் காரின் இடது பக்கத்தில் மட்டும் ஏழு கோடுகள் இருக்கின்றன, ஒன்றுக்கும் ஆள் தெரியாது. அதே காரை நிறுத்திவிட்டு அவசரத்துக்கு மகனின் ஸ்கூட்டியை எடுத்த அன்று நானும் சந்தில்தான் நுழைந்தேன். இரண்டு பக்கத்துக்குமே மற்றவர் மீது ஒரு பழைய பாக்கி இருக்கிறது. நீங்கள் உடைத்த கண்ணாடி அன்று அந்தப் பாக்கியில் வரவு வைக்கப்பட்டது.

நல்ல வேளையாக இது தனிமனிதர்கள் தங்களுக்குள் சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் குற்றம். அதனால் முதலில் இதைத் தீருங்கள். அவர் அனுப்பிய எஸ்டிமேட்டை நீங்கள் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. அதில் மிரர் 7,400. மீதி 30,600 கதவுக்கு: கீல், டிங்கரிங், பெயிண்ட். நீங்கள் கொடுத்தது 6,000. கண்ணாடிக் கணக்கில் இன்னும் 1,400 ரூபாய். அவ்வளவுதான்.

சாவியும் 6,000 ரூபாயும்

பைக் சாவியைப் பிடுங்கி ஆளைப் போகவிடாமல் நிறுத்துவது நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவில் வரும் தடுப்புக் குற்றம். ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம். நஷ்டஈடு கேட்பது அவர் உரிமை. சாவியை வைத்துக்கொண்டு கேட்பது அவர் உரிமை இல்லை. மிரட்டிப் பணம் பறித்ததாகப் புகார் கொடுக்கலாமா என்று உங்கள் நண்பர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவர் கண்ணாடியை நீங்கள் உடைத்திருந்தீர்கள், அவர் கேட்டதில் ஒரு பகுதி நியாயம். பெரிய பிரிவைத் தூக்கினால் அவரும் பெரியதாகத் தேடுவார். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பிரிவை ஸ்டேஷன் பார்த்துக்கொள்ளும்.

அவருடைய மிரட்டல்களில் சாரம் குறைவு. சட்டத்தில் "இடித்துவிட்டு ஓடுவது" என்றால், எவ்வளவு முயன்றும் எந்த வண்டி என்றே தெரியாத விபத்து. உங்கள் நம்பர், போட்டோ, ஜிபே பெயர் எல்லாம் அவரிடம் இருக்கிறது, தினமும் வாட்ஸாப்பில் பேசுகிறார். இதில் யார் ஓடியது? ஆனால் விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்வதும், இன்சூரன்ஸுக்கு எழுதிக்கொடுப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி வண்டி ஓட்டியவரின் கடமை. நீங்கள் செய்யவில்லை. அவர் செய்ததாகவும் தெரியவில்லை. பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் வருவது கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால். ஸ்டேஷனில் புகாருக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது அது இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்: விபத்து வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வைப்பது உண்டு, பார்த்து முடித்ததும் 24 மணி நேரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவே சொல்கிறது.

உங்கள் இன்சூரன்ஸ் காலாவதி ஆகவில்லை

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்க வேண்டும். 2022 தீபாவளிக்குப் புதிதாக வாங்கிய பைக், முதல் வருடத்துக்குப் பிறகு புதுப்பிக்கவில்லை, அதனால் இன்சூரன்ஸ் இல்லை என்கிறீர்கள். 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஷோரூமில் ஆன்ரோடு விலை என்று வாங்கியபோதே அதற்கும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். ஒரு வருடத்தில் முடிந்தது உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி மட்டும். மூன்றாம் நபர் காப்பீடு 2027 தீபாவளி வரை இருக்கும். ஆர்.சி.யோடு வந்த காகிதக் கட்டில் தேடுங்கள்.

இதன் பலன் என்ன? கதவுச் சேதத்தில் உங்கள் பங்கு என்று ஏதாவது முடிவானால், அதைத் தர வேண்டியது உங்கள் காப்பீட்டுக் கம்பெனி. இருசக்கர வண்டிக்குப் பிறர் சொத்துச் சேத வரம்பு வழக்கமாக 1 லட்சம். சிலர் பிரீமியத்தைக் குறைக்க அதை 6,000 ஆகச் சுருக்கியிருப்பார்கள், பாலிசியில் பாருங்கள். காரோட்டியும் தன் காரின் இன்சூரன்ஸில் கதவைச் சரிசெய்துகொள்ளலாம். முழுக் காப்பீடு இருந்தால் அவர் கையிலிருந்து கட்டாயம் போவது, 1500 சி.சி. வரையிலான கார் என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. தேய்மானம் என்று கொஞ்சம் பிடிப்பார்கள். அத்துடன் அந்த வருட நோ கிளெய்ம் போனஸ் போகும், அதாவது இழப்பீடு கேட்காததற்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, அது 20 முதல் 50 சதவீதம் வரை. அவருடைய உண்மையான நஷ்டம் இதுதான், 30,600 அல்ல. அந்த போனஸ் இழப்பைப் பாதியாகப் பகிரலாம் என்று அவர் கேட்டு வந்தால், பேசி முடித்துக்கொள்ளலாம் என்பேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலில் கேமரா. கடைகளின் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்து அதன் மேலேயே புதியது பதியும், ஏற்கனவே போயிருக்கலாம். அந்த ஆபீஸ் வாசல், எதிரில் இருக்கும் கடை, இரண்டிலும் நேரில் போய்க் கேளுங்கள். கிடைத்தால் வாட்ஸாப்பில் வாங்காதீர்கள், அசல் கோப்பை வாங்குங்கள். மின்னணுச் சாட்சிக்கு புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். பிறகு போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் எழுத்து மூலம் புகார். நான்கு சம்பவத்தையும், கண்ணாடி உட்பட, நடந்த வரிசையில் எழுதுங்கள். அடுத்து உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம், தாமதத்துக்குக் காரணத்துடன்.

காரோட்டியோடு போனில் பேசுவதை நிறுத்துங்கள். "எல்லாம் என் தப்புதான்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இப்படி ஒரு செய்தி அனுப்பினால் போதும்:

"வணக்கம் சார். உங்கள் சைடு மிரரை உடைத்தது நான்தான், அதற்கு வருந்துகிறேன். அன்று தந்த 6,000 ரூபாய் போக மிரருக்கான மிச்சத்தை, பில் அனுப்பியதும் தருகிறேன். கதவு விபத்தில் சேதமானது, எனக்கும் கையில் எலும்பு முறிந்திருக்கிறது. அதைப் பற்றிப் போலீஸிலும் இன்சூரன்ஸிலும் எழுதித் தந்து தீர்த்துக்கொள்வோம். உங்கள் இன்சூரன்ஸ் விவரம் அனுப்பவும்."

இதில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. கொடுங்காயம், மூன்று ஆண்டு என்று நான் மேலே எழுதியதை இதில் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். கேஸைக் காட்டிப் பேரம் பேசினால் நாளைக்கு அந்தச் செய்தியே உங்களுக்கு எதிராக வரும்.

மாவுக்கட்டு பிரிக்கும் அன்று பழைய எக்ஸ்ரே, புது எக்ஸ்ரே இரண்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். லீவு போட்ட நாட்களுக்கு ஆபீஸில் ஒரு கடிதம் கேளுங்கள். ஆட்டோவில் போய்வந்த கணக்கையும் எழுதி வையுங்கள், தீர்ப்பாயத்தில் அதையும் கேட்பார்கள்.